ஓட்டைகளை அடைத்த வீடு

அப்பாவின் முதுகில் முதல் புண் வந்தபோது அது ஐம்பது காசு அளவுதான் இருந்தது. பவுடர் போட்டால் சரியாகிவிடும் என்றாள் அம்மா. கொஞ்ச நாளிலேயே அது என் உள்ளங்கை அளவுக்கு விரிந்து, நடுவில் குழி விழுந்து, போர்வையை விலக்கும்போதே வாடை அடிக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் தாதி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "வேர்வை படக்கூடாது ஆன்டி. ரூம் குளுகுளுன்னு இருக்கணும். இல்லன்னா இந்தப் புண்ணு எலும்பு வரைக்கும் போயிடும்."

சொல்வதற்கு அவளுக்கு என்ன? கிள்ளானில், மாடி இல்லாத வரிசை வீட்டில், சிமெண்டு ஓட்டுக்குக் கீழே வேர்க்காமல் இருப்பது எப்படி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்கிறேன். கடையிலும் ஏர்கோன், திரும்பி வரும் இரயிலிலும் ஏர்கோன். வீட்டு வாசலில் கால் வைத்ததும் முகத்தில் அனல் அடிக்கும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கூரை சாயங்காலம் உட்கார்ந்து நிதானமாகக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அனலில் அப்பா படுத்திருப்பார்.

அப்பா துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே லோரி ஓட்டியவர். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, இடது கையை மட்டும் விட்டுவைத்தது. அந்தக் கையில் ஒரு மோதிரம். ஏதாவது வேண்டுமென்றால் மோதிரத்தால் கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டுவார். டங், டங். தண்ணீர், மூத்திரம், திருப்பிப் படுக்கவைப்பது, டிவி எல்லாவற்றுக்கும் அதே சத்தம்தான். எங்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ, பக்கத்து வீட்டு ஆன்டிக்குக் கேட்டுவிடும். வேலிக்கு மேலே எட்டி, "அப்பா தட்டுறாரும்மா, போய்ப் பாரு" என்று கத்துவார். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் இருமினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே காற்று வருவதற்காக ஓட்டை வைத்த கற்களைப் பதித்துக் கட்டிய பழைய வீடுகள். காற்றோடு சண்டை, சமையல் வாசனை, பாட்டு எல்லாம் வரும்.

அப்பாவின் அறையில் ஏர்கோன் மாட்டினோம். அது இரவும் பகலும் உறுமியதே தவிர அறை குளிரவில்லை. மெஷினுக்கு நேர் கீழே நின்றால் குளிரும். இரண்டடி தள்ளி அப்பாவின் கட்டிலில் வேர்வை. நான் மெஷினை விற்றவனைத் திட்டினேன். பூச்சோங்கிலிருந்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு. உன் வீடுதான் ஓட்டை" என்றான். அவன் ஒரு பெரிய பேரங்காடியில் குளிர்சாதனங்களைப் பார்த்துக்கொள்பவன். அங்கே ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அவனுடைய தொலைபேசி அலறும். எங்கள் வீட்டைப் பற்றி அவன் பேசிய விதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. "உன் வீடு" என்கிறானே, அவன் பிறந்து வளர்ந்தது எங்கேயாம்?

ஆனால் வேலையில் கெட்டிக்காரன். சாமி மேடையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்திக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தான். ஜன்னல் ஓரம், கதவுக்கு அடியில், சிலிங் சுவரைத் தொடும் இடம், மின்விளக்கைச் சுற்றி என்று ஒவ்வோர் இடமாகப் பிடித்துப் பார்த்தான். எங்கே புகை வளைந்து இழுபடுகிறதோ அங்கே ஓட்டை என்றான். புகை எல்லா இடத்திலும் வளைந்தது. கற்களுக்கு அருகே போனதும் யாரோ வெளியே நின்று உறிஞ்சுவது போல ஒரேயடியாக மறைந்தது.

"சாமிக்கு ஏத்துறதை எடுத்துச் சுவத்துக்குக் காட்றான் பாரு, அறிவு கெட்டவன்" என்று அம்மா வைதாள். அப்பாவின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நெடுநாளாகியிருந்ததால் அம்மாவும் சிரித்துவிட்டாள்.

சிலிங் வேலை செய்யும் ஒருவரை அண்ணனே கூட்டிவந்தான். நெற்றியில் திருநீறு, வாயில் ஓயாத பேச்சு. சிலிங்கைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் உடனே வெளியே எடுத்துக்கொண்டார். "போஸ், இதுக்குள்ள கோழியை விட்டா வெந்துடும் லா." ஓட்டுக்கு அடியில் வெள்ளிக் காகிதம் போல மின்னும் தாளை விரித்து அடித்தார்கள். சிலிங் பலகைக்கு மேலே கனமான பஞ்சு மெத்தைகளை நெருக்கமாக அடுக்கினார்கள். ஓட்டைக் கற்களில் மஞ்சள் நுரையைப் பீய்ச்சினார்கள். அது பொங்கி வெளியே வழிந்து கல்லாக இறுகியது. ஜன்னல் சட்டங்களைச் சுற்றி சிலிக்கோன். கதவின் நான்கு ஓரத்திலும் ரப்பர் பட்டை. ஏர்கோன் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் விரல் அளவு ஒரு சந்து மட்டும் மிச்சம். அப்பாவின் தலைமாட்டுக்கு நேராக இருந்தது அது. நுரை தீர்ந்துபோனதால் பிறகு வந்து அடைப்பதாக அண்ணன் சொன்னான்.

போகும்போது அந்த ஆள் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட்டுத்தான் போனார். "அக்கா, குசினி ஜன்னலை மட்டும் அடைக்காதீங்க. கேஸ் அடுப்பு எரியுற இடம். காத்து வேணும்."

நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். குசினியை யாரும் தொடவில்லை.

மறுபடி ஊதுபத்தியைக் கொளுத்தினான் அண்ணன். ஓட்டைக் கற்கள் இருந்த இடத்தில் பிடித்தான், கதவடியில் பிடித்தான். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. எங்கும் வளையவில்லை. அவன் கையைத் தட்டினான். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த சில மாதங்கள் எங்கள் வீட்டில் நல்ல மாதங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். அறை ஜில்லென்று இருந்தது. ஏர்கோனைக் குறைத்து வைத்தும் குளிர் வெளியே போகாமல் தங்கியது. அப்பாவின் தோல் காய்ந்தது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வளர்ந்தது. தாதி அதைத் தன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, "சூப்பர் லா அங்கிள்" என்றாள். புண் முழுசாக ஆறினால் பத்துமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள்.

அப்பாவுக்கு அந்தக் குளிரின் மேல் பேராசை வந்துவிட்டது. யாராவது உள்ளே நுழைந்து கதவை ஒருக்களித்து விட்டால் போதும், இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, காற்றைத் தள்ளிக்காட்டுவார். சாத்து. அண்ணன் பிள்ளைகள் எட்டிப் பார்த்தாலும் அதே சைகைதான். "முதலாளி ஆர்டர் போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே அம்மா கதவைச் சாத்துவாள். ரப்பர் பட்டை மெத்தென்று பொருந்தும். பிறகு ஒரு சத்தமும் வராது. மோட்டார் சைக்கிள்கள், பக்கத்து வீட்டு டிவி, நாய்கள் எல்லாம் எங்கோ போய்விடும். அந்த நிசப்தம்கூட எங்களுக்குப் பிடித்திருந்தது. காசு உள்ளவர்கள் வீடு இப்படித்தான் இருக்கும்போல என்று அம்மா சொன்னாள்.

அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேலைகளையெல்லாம் அந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அங்கேயே வெங்காயம் உரித்தாள், கீரை ஆய்ந்தாள், பூக் கட்டினாள். சொந்தக்காரர்களிடம் பேசுவதும் அங்கேதான். அவளுக்கு நெஞ்சில் கொஞ்சம் கோளாறு உண்டு; மாத்திரை சாப்பிடுபவள். இந்த வெக்கையில் மூச்சு வாங்காமல் உட்கார அவளுக்கும் வீட்டில் வேறு இடம் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட இரண்டு பேர், ஒரு குளிர்ந்த அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா சாம்பிராணி போடுவாள். அடுப்புக்கரியைக் கேஸ் அடுப்பில் கனிய வைத்து, மண் தூபக்காலில் போட்டு, சாம்பிராணித் தூளைத் தூவிக்கொண்டு வீடெல்லாம் காட்டுவாள். சாமி மேடை, வரவேற்பறை, என் அறை, கடைசியில் அப்பாவின் அறை. வாசலிலேயே நின்று ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத் தூபக்காலைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்துவிடுவாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அண்ணன் குளிர்சாதனம் படித்தவன். அந்தச் சிலிங்காரர் நெற்றியில் திருநீறு பூசுகிறவர். அவர் வீட்டிலும் வெள்ளிக்கிழமை உண்டு. ஊதுபத்திப் புகையைப் பிடித்துப் பிடித்து ஓட்டை தேடினோமே, எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மழை. எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளைக்கு டெங்கி வந்திருந்தது. புகையடிக்கும் ஆட்கள் வந்து போயும் கொசு குறையவில்லை. அதனால்தானோ என்னவோ, அம்மா வழக்கத்தைவிட அதிகமாகக் கரி போட்டிருக்கிறாள். தூபக்கால் விளிம்பு வரை கரி. அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோகாமல் அப்பாவின் அறையில், நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெங்காயச் சட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். கதவு சாத்தியிருந்தது. சாத்தச் சொன்னது யார் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். அந்தக் கை எப்படி உயர்ந்திருக்கும் என்பதுகூடத் தெரியும்.

இரயில் தாமதம். நான் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது சாமி மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீடெல்லாம் சாம்பிராணி வாசனை. அம்மாவைக் கூப்பிட்டேன். குளிருக்குள் உட்கார்ந்திருப்பாள், கேட்டிருக்காது என்று நேராக அப்பாவின் அறைக்குப் போனேன். கதவின் கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சுவருக்குள்ளிருந்து வருவது போல, மிக மெதுவாக. டங். டங்.

கதவைத் தள்ளினேன். ஏதோ தடுத்தது. கதவுக்குப் பின்னால் டிவி ரிமோட், எவர்சில்வர் டம்ளர், பவுடர் டின், தைலப் புட்டி, அப்பாவின் பல் செட் வைக்கும் டப்பா எல்லாம் கிடந்தன. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இடது கைக்கு எட்டிய எல்லாவற்றையும் அவர் கதவை நோக்கி எறிந்திருக்கிறார். அம்மா நாற்காலியிலிருந்து சரிந்து பக்கவாட்டில் கிடந்தாள். உரித்த வெங்காயங்கள் தரையெல்லாம் உருண்டிருந்தன. முகம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பவள் போல இருந்தாள். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. மோதிர விரலில் தோல் உரிந்து இரத்தம் கம்பியில் ஒட்டியிருந்தது. நான் உள்ளே வந்த பிறகும் அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர். தமிழ்ப் பெண் இல்லை. மலாயில் கேட்டார், நானும் மலாயில் பதில் சொன்னேன். வீட்டில் ஏதாவது எரித்தீர்களா? இல்லை என்றேன். ஜெனரேட்டர், அடுப்பு, கரி வைத்துச் சமையல் ஏதாவது அறைக்குள் செய்தீர்களா? இல்லை டாக்டர், அது படுக்கையறை, அங்கே யார் சமைப்பார்கள் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் என் அருகே வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். அப்படியென்றால் உங்கள் உடையில் வரும் இந்த வாசனை என்ன?

"அது சாம்பிராணி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன். அதை மட்டும் தமிழில் சொன்னேன். மலாயில் எப்படிச் சொல்வதென்று அப்போது வரவில்லை.

பிறகு, கரியைக் கனியவைத்து அதில் போடுவது என்று விளக்கினேன். டாக்டர் அப்பா இருந்த பக்கம் ஓடினார். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் எரிப்பதாக நினைத்ததே இல்லை. எங்களுக்கு அது நெருப்பு இல்லை, வெள்ளிக்கிழமை.

அடைத்த அறைக்குள் கனன்ற கரியிலிருந்து வந்த விஷ வாயுதான் காரணமாம்; அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லையாம். அம்மாவின் நெஞ்சு பலவீனமாக இருந்ததால் முதலில் நின்றிருக்கிறது என்றார்கள். அப்பா ஆக்சிஜன் வைத்துப் பிழைத்துக்கொண்டார். தலைமாட்டில் அடைக்காமல் விட்ட அந்தச் சந்து அவரைக் காப்பாற்றியதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள்.

அம்மாவை எடுத்த அன்று, சடங்கு முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணனைக் காணவில்லை. அப்பாவின் அறைக்குள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஸ்க்ரூடிரைவரால் ஓட்டைக் கற்களிலிருந்து அந்த மஞ்சள் நுரையைக் குத்திக் குத்திப் பிடுங்கிக்கொண்டிருந்தான். துண்டு துண்டாக அது தரையில் உதிர்ந்தது. அண்ணி போய் அவன் காலைப் பிடித்தாள். "விடு, காத்து வரட்டும், காத்து வரட்டும்" என்று அழுதான். என்னால் அவனுக்கு ஆறுதல் சொல்ல முடியவில்லை. திட்டவும் முடியவில்லை. எனக்கு யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது, ஆள்தான் கிடைக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு ஆள் கிடைத்தது. வீட்டின் மூச்சை அடைத்தால் இப்படித்தான் என்றார் ஒருவர். வீட்டு வாசல் திசை சரியில்லை என்றார் இன்னொருவர். சாமிக்குப் போட்ட புகை கெடுதல் செய்யுமா, வேறு ஏதோ இருக்கும் என்று ஓர் அத்தை என்னிடமே துப்பறிந்தாள். நான் டீ டம்ளரை அவள் முன்னால் சத்தமாக வைத்துவிட்டு எழுந்து போனேன். பக்கத்து வீட்டு ஆன்டி மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தார். "நான் வீட்லதான்மா இருந்தேன். மழையில துணி எடுக்கக்கூட வெளிய வந்தேன். ஒண்ணுமே கேக்கலையேம்மா." கேட்டிருக்காது. அதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டு அடைத்தோம்.

கூரைக்கு அடியில் போட்ட தாளையும் பஞ்சையும் எடுக்கவில்லை. அவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. அண்ணன் ஓட்டைக் கற்களை ஒரு கை அளவு மட்டும் திறந்துவைத்து, அந்த வாயு வந்தால் அலறும் சின்னக் கருவி ஒன்றையும் சுவரில் மாட்டிவிட்டான். இனி கதவைச் சாத்தலாம், பயமில்லை, குளிரும் உள்ளேயே தங்கும் என்றான். சாம்பிராணியை நான் நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்து அதே கட்டிலில் படுக்கவைத்தோம். புண் ஆறியிருந்தது. பத்துமலை நேர்த்திக்கடன் அப்படியே மிச்சம் இருக்கிறது.

முதல் நாள் நான் ஏர்கோனைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். உடனே தட்டத் தொடங்கினார். தண்ணீரா என்றேன், இல்லை. திருப்பிப் படுக்கவைக்கவா, இல்லை. இடது கையை உயர்த்தி, விரல்களை மடக்கி, எதையோ தன் பக்கம் இழுத்தார். மறுபடி இழுத்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கதவைத் திறந்த பிறகுதான் கை இறங்கியது.

அன்றிலிருந்து அந்தக் கதவைச் சாத்த விடுவதில்லை. உடை மாற்றும்போதுகூடத் திறந்தே இருக்க வேண்டும். ஏர்கோன் வரவேற்பறைக்கும் வாசலுக்கும் சேர்த்து உறுமிக்கொண்டிருக்கிறது. அறை பழையபடி புழுங்குகிறது. போன மாதம் தாதி போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். முதுகில் அதே இடத்தில், ஐம்பது காசு அளவுக்குச் சிவந்திருந்தது. "கதவைச் சாத்துங்க அக்கா. அவர் சொல்றார்ன்னு நீங்க கேட்டா எப்படி? புண்ணு திரும்பி வருது" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் தூங்கும்போது ஒருமுறை மெதுவாகச் சாத்திப் பார்த்தேன். ரப்பர் பட்டை கதவில் பொருந்திய அந்த மெத்தென்ற சத்தத்துக்கே விழித்துக்கொண்டு, கம்பியைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பட்டையையும் உரித்து எறிந்துவிட்டேன்.

இப்போது என் வேலை அரை நாள்தான். காலையில் பக்கத்து வீட்டு ஆன்டி வந்து இருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் நான். அப்பா முன்னைவிட அதிகமாகத் தட்டுகிறார். டங், டங். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். வேர்வையில் நனைந்து, கண்ணைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். என்னைப் பார்த்ததும் கையைக் கீழே வைத்துவிடுவார். தண்ணீர் வேண்டாம், எதுவும் வேண்டாம். தட்டினால் யாருக்காவது கேட்கிறதா என்று பார்க்கிறார்.